சென்னைக்குக் குடிபோகும் குடும்பங்கள்: பள்ளிவாசல் பக்கமா, பள்ளிக்கூடம் பக்கமா?

கோடியக்கரையிலிருந்து ஒரு சகோதரர் கடந்த மாதம் நம்மிடம் பேசினார். மகளுக்குச் சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அவருக்கும் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வேலை சொல்லியிருக்கிறார்கள். இளைய மகனை இந்த ஆண்டு எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். "நானா, நம்ம ஆளுங்க இருக்குற ஏரியாவா ஒரு வீடு பாத்துச் சொல்லுங்க. பாங்கு சத்தம் காதுல விழுந்தாப் போதும்" என்றார்.

அவர் கேட்டது ஒரு வீடு. ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறு பல கேள்விகள் இருக்கின்றன. கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம், தோப்புத்துறை, முத்துப்பேட்டை பகுதிகளிலிருந்து ஊரை விட்டுப் புறப்படும் குடும்பங்கள் நம்மிடம் இதையேதான் கேட்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், ஒரே இரவில் தென்னையையும் மாவையும் சாய்த்தது. தென்னை மறுபடி காய்க்கப் பல வருடம் ஆகும். அதுவரை காத்திருக்க வசதியில்லாதவர்கள் பை தூக்கினார்கள். முன்பு குடும்பத் தலைவர் மட்டும் வெளிநாடு போவார், வீடு ஊரிலேயே இருக்கும். இப்போது வீடே இடம் பெயர்கிறது. எந்தத் தெருவில் குடியேறுவது என்ற கேள்வி நம் பகுதிக்கு ஓரளவு புதிதாக இருப்பது இதனால்தான்.

சென்னைக்கு வரும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மண்ணடி. அதற்கடுத்து திருவல்லிக்கேணி, ஆயிரம் விளக்கு, இராயப்பேட்டை, புதுப்பேட்டை, பெரியமேடு. இதில் தவறேதும் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் மேன்ஷனில் இருப்பார், அவர் மூலம் வேலை கிடைக்கும், வேலையை வைத்து வீடு கிடைக்கும். நம்பகமான ஹலால் கடை, ஐந்து நேரத் தொழுகை, பிள்ளைகளுக்கு மதரஸா, பெண்கள் தனியாக நடமாடத் தயங்காத தெரு எல்லாம் அங்கே கைக்கு எட்டும் தூரத்தில் உண்டு. 2019இல் மண்ணடிக்கு மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. தனியாள் ஒருவருக்கு இதைவிட வசதியான இடம் சென்னையில் குறைவு.

குடும்பம் என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. மண்ணடியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வெயில் படாத இரண்டு அறைக்குக் கொடுக்கும் வாடகையில், பல்லாவரத்துக்கோ குரோம்பேட்டைக்கோ அப்பால் காற்றோட்டமான வீடு கிடைக்கும். தண்ணீர் லாரிக்கும், வண்டி நிறுத்த இடத்துக்கும், பிள்ளைகள் விளையாட ஒரு சந்துக்கும் படும் பாடு அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். இருந்தும் பலர் அங்கேயே இருப்பதற்குக் காரணம் ஊர்ப்பாசம் மட்டுமல்ல. மற்ற இடங்களில் வீடு கேட்டுப் போனால் கிடைக்கும் பதில்தான் இன்னொரு காரணம்.

அந்தப் பதிலை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். போனில் எல்லாம் சரியாகப் போகும். பெயரைச் சொன்னதும் "ஐயோ, நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோமே" என்பார்கள். அல்லது "நாங்க சைவம், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று நம் கஷ்டத்துக்காகக் கவலைப்படுவார்கள். இது வெறும் மனக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான ஆய்வாளர்கள் டெல்லித் தலைநகர்ப் பகுதியில் வாடகை வீடுகளுக்கு வெவ்வேறு சமூகப் பெயர்களில் விண்ணப்பித்துப் பார்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயருக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் கதவு திறந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு நேரடி மறுப்பு, இன்னொரு பங்கு கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. எஞ்சிய மூன்றில் ஒரு பங்குதான் இயல்பாகக் கிடைத்தது. தலித் பெயருக்கும் மறுப்பு இருந்தது, இதைவிடச் சற்றுக் குறைவாக. சென்னை டெல்லி அல்ல, உண்மைதான். ஆனால் இங்கே வீடு தேடி அலைந்தவர்கள் அந்த முடிவுகளைப் படித்து ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை போன்ற பொது இடங்களில் மதத்தின் பெயரால் தடுப்பதை விலக்குகிறது. தனியார் ஒருவர் தம் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுகிறார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் வீடு தருவதில் இனப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது ஒரே ஆண்டில், 1968இல். அமெரிக்கச் சட்டம் மதப் பாகுபாட்டையும் சேர்த்தே தடுத்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. 2005இல் குஜராத்தின் பார்சி வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், தங்கள் சமூகத்தவருக்கு மட்டும் உறுப்பினர் உரிமை என்று ஒரு சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று நம்மில் சிலர்கூட இதை வரவேற்றார்கள், நாமும் நமக்கென்று சங்கம் வைத்துக்கொள்ளலாமே என்று. அதே கதவு நம் முகத்திலும் சாத்தப்படும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. வதோதராவில் 2017இல் அரசு வீட்டு வசதித் திட்டத்தில் 450க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் புகார் கொடுத்தார்கள், 2024 ஜூனில் மறுபடியும் போராட்டம் நடத்தினார்கள். அவர் கேட்டது அரசு ஒதுக்கிய வீடு என்பதையும் கவனியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, "அப்படியானால் நம் ஏரியாவிலேயே இருந்துவிடலாமே" என்று தோன்றுவது இயல்பு. கோவையில் 1997 கலவரத்துக்கும் 1998 குண்டுவெடிப்புக்கும் பிறகு நடந்தது அதுதான். கலந்து வாழ்ந்த தெருக்களிலிருந்து குடும்பங்கள் கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை என்று ஒதுங்கின. மும்பையில் 1992-93க்குப் பிறகு மும்ப்ரா பெருத்தது, அகமதாபாத்தில் ஜுஹாபுரா. உயிர்ப்பயத்தில் எடுத்த முடிவை வெளியிலிருந்து குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பேசியாக வேண்டும்.

2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை அந்த விலையைத் தொட்டுக் காட்டியது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் சாலை, குடிநீர், சாக்கடை, பள்ளி, அஞ்சலகம் பின்தங்குவதையும், சில வங்கிகள் கடன் தருவதற்கு உகந்ததல்ல என்று குறித்துவைத்திருக்கும் பகுதிகளில் நம்மவர் பகுதிகளும் வருவதையும் அது சொன்னது. 2023இல் அஞ்சலி அடுகியா, பால் நோவோசாட் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் நாடெங்கும் 15 லட்சம் சிறு குடியிருப்புப் பகுதிகளின் தகவல்களை அலசினார்கள். இந்திய முஸ்லிம்களில் 26 சதவீதத்தினர், 80 சதவீதத்துக்கும் மேல் முஸ்லிம்களே வாழும் பகுதிகளில் இருக்கிறார்கள். முழுக்க முஸ்லிம்கள் வாழும் பகுதியில் அரசு உயர்நிலைப் பள்ளி இருப்பதற்கான வாய்ப்பு, முஸ்லிம்களே இல்லாத பகுதியில் உள்ளதில் பாதிதான். இத்தகைய பகுதிகளில் வளரும் பிள்ளைகள் சராசரியாக இரண்டு ஆண்டுப் படிப்பை இழக்கிறார்கள். இந்த இழப்பு முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அதே தெருவில் வாழும் மற்றவர்களுக்கும் உண்டு. அதாவது தண்டனை பெயருக்கு அல்ல, முகவரிக்கு.

தமிழ்நாட்டின் நிலைமை வடக்கைவிட மேல் என்று நாம் நம்புகிறோம். 2011 கணக்கெடுப்பில் இங்கே நாம் 5.86 சதவீதம். பெரும்பாலோர் நகரங்களிலும் பேரூர்களிலும் வாழ்கிறோம். மண்ணடியையோ திருவல்லிக்கேணியையோ மும்ப்ராவோடு ஒப்பிடுவது அநியாயம். அங்கே செட்டியாரும் மார்வாடியும் மீனவரும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். இருந்தாலும் பிள்ளை எந்தப் பள்ளிக்கு நடந்து போகும் என்ற கேள்வி இங்கும் அதே கேள்விதான்.

கோடியக்கரைச் சகோதரரிடம் நாம் முதலில் கேட்டதும் மகனின் பள்ளியைப் பற்றித்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்கள் ஏழை, நலிந்த பிரிவினருக்கு உண்டு. தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கு விண்ணப்பிப்பதுதான் நடைமுறை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே சுற்றிலும் சிறுபான்மைப் பள்ளிகளே இருக்கும் தெருவில் வீடு பிடித்தால், நம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய இலவச இடம் நம் கையாலேயே போகும். பள்ளிவாசலுக்கு எத்தனை அடி என்று அளக்கும் நாம், இந்த ஒரு கிலோமீட்டரை அளப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். கோடியக்கரையில் பிறந்தவருக்கு ஈர நிலம் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வெளிமானுக்காக 1967இல் சரணாலயம் ஆன ஊர் அது. 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் ஈர நிலமாக அறிவிக்கப்பட்டது. எந்தப் பருவத்தில் எந்தத் திடல் நீருக்குள் போகும் என்று அங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். 2022இல் சென்னையில் அதே ராம்சர் பட்டியலில் சேர்ந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். வேறுபாடு என்னவென்றால், பள்ளிக்கரணையைச் சுற்றி அடுக்குமாடிகளை எழுப்பிவிட்டோம். ஊரில் உப்பளத்துக்குள் வீடு கட்டாதவர்கள், சென்னை வந்ததும் ஏரிக்குள் வீடு வாங்குகிறார்கள்!

2015 டிசம்பர் முதல் நாட்களில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டபோது முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மறுபடியும் முடிச்சூர். அந்த நாட்களில் பள்ளிவாசல்களின் கதவு எல்லா மதத்தவருக்கும் திறந்திருந்தது, நம் இளைஞர்கள் படகோடு நின்றார்கள் என்று நாம் பெருமையாக எழுதினோம். பெருமைதான். ஆனால் வெள்ளத்தில் உடைமை இழந்தவர்களில், வாடகை குறைவு என்று தாழ்வான தெருவில் குடியேறிய நம் குடும்பங்களும் இருந்தன. கிளாம்பாக்கத்தில் 2023 இறுதியில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வருபவர்கள் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் வீடு பார்ப்பது கூடியிருக்கிறது. ஊருக்குப் போய்வர வசதி. ஆனால் அங்கும் ஏரிகள் நிறைந்த நிலம்தான். எனவே வீட்டைப் பகலில், வெயிலில் மட்டும் பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். வீட்டு உரிமையாளரையோ புரோக்கரையோ கேட்காதீர்கள். தெருமுனை டீக்கடையில், அயர்ன் வண்டிக்காரரிடம், "2015லயும் 2023லயும் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். சுவரில் கோடு காட்டுவார்கள்.

வாடகைக்கு அல்லாமல் மனை வாங்க நினைப்பவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் கையில் திணிக்கப்படும் நோட்டீசுகளைப் பார்த்திருப்பீர்கள். "முஸ்லிம்கள் மட்டும் வாழும் அமைதியான நகர்", "மனைப்பிரிவிலேயே பள்ளிவாசலுக்கு இடம் ஒதுக்கீடு". படத்தில் மினாரா அழகாக இருக்கும். மனைப்பிரிவு வரைபடத்தில் பள்ளிவாசல் என்று எழுதுவது எளிது. வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், அது எளிதில் வருவதில்லை. இடத்தை விற்றவர் போன பிறகு, அந்த அனுமதிக்காகப் பல வருடம் அலைவது வாங்கியவர்கள்தான். அதைவிட முக்கியம் மனைக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்பது. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. ஒப்புதல் எண்ணையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் ரெரா பதிவு எண்ணையும் கேளுங்கள். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வைத்த வரம்பு 2016 அக்டோபர் 20. அதற்குப் பிறகு போட்ட மனைப்பிரிவுக்கு "வரன்முறை வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் தாடி வைத்திருக்கிறாரா, ஸலாம் சொல்லி ஆரம்பித்தாரா என்பதெல்லாம் ஆவணம் ஆகாது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்காமல், நம்மாள் என்ற ஒரே நம்பிக்கையில் பணம் கொடுத்துத் தவிக்கும் குடும்பங்களை நாம் அறிவோம்.

வாடகைக்குப் போகிறவர்களும் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்பது பழைய வழக்கம். அந்தச் சட்டம் மதத்தின் பெயரால் வீடு மறுப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் குடியேறிய பிறகு திடீரென்று வெளியேறச் சொல்வதைத் தடுக்கப் பதிவான ஒப்பந்தம் உதவும். நம்மவரிடம் நம்மவர் வாடகைக்கு இருக்கும்போது "நமக்குள்ள எதுக்கு எழுத்து" என்று விட்டுவிடுகிறோம். எழுதி வைப்பது மார்க்கம் சொன்ன நடைமுறை என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

இனி, பாங்கு சத்தம். இதை நாம் சிறிதாக நினைக்கவில்லை. ஜமாஅத் இல்லாத இடத்தில் குடியேறிய குடும்பம் படும் சங்கடம் திருமணத்தின்போதும் மய்யித்தின்போதும்தான் தெரியும். நிக்காஹ்வுக்கு ஊர் ஜமாஅத்தின் கடிதம் கேட்பார்கள். ஊரிலோ, சந்தா நின்று பல வருடம் ஆயிற்றே என்பார்கள். சென்னை மஹல்லாவில் பெயர் இன்னும் ஏறியிருக்காது. ஒரு மரணம் நிகழ்ந்தால் எந்தக் கபர்ஸ்தானில் அடக்குவது என்று இரவு பதினொரு மணிக்குப் போன் போட்டு அலைய நேரிடும். ஆகவே வீடு எங்கே இருந்தாலும், குடியேறிய முதல் மாதமே அருகிலுள்ள பள்ளிவாசலில் பெயர் பதிந்து சந்தா கட்டுங்கள், ஊர்ச் சந்தாவையும் நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரு பிரியாணிச் செலவு ஆகாது. புதிதாக வந்தவர்களைச் சேர்க்கத் தயங்கும் நகர ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டும்: மூன்று தலைமுறை இங்கே இருந்தவர்களுக்கு மட்டும்தான் மஹல்லா என்றால், வந்தவர்கள் எங்கே போவார்கள்?

பள்ளிவாசலுக்கு மிக அருகில்தான் இருக்க வேண்டுமா என்பதற்கு மதீனாவிலேயே ஒரு நிகழ்வு உண்டு. பனூ ஸலிமா குலத்தார் நகரின் ஓரத்தில் வாழ்ந்தார்கள். மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே இடம் மாற விரும்பினார்கள். நகரின் ஓரங்கள் ஆளில்லாமல் வெறுமையாவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. நடந்து வரும் ஒவ்வொரு அடிக்கும் நன்மை உண்டென்று சொல்லி, இருந்த இடத்திலேயே இருக்கச் செய்தார்கள். மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களும் தனிக் குடியிருப்பில் ஒதுக்கப்படவில்லை. அன்சாரிகளின் குடும்பங்களோடு சகோதரர்களாக இணைக்கப்பட்டார்கள். நகரத்தில் எப்படிக் குடியேறுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் நாம் தேட வேண்டியதில்லை.

கலந்து வாழ்வதை அரசே திட்டமிட்ட முயற்சிகளும் உண்டு. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் 100 வீடுகள். 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. நல்ல எண்ணம். ஆனால் அது கிராமத்து ஓரங்களுக்கான திட்டம், நகரத்து அடுக்குமாடியின் கதவை அது தட்டவே இல்லை. நம் கடற்கரை ஊர்களுக்கு உறவுள்ள சிங்கப்பூரில் 1989 முதல் அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இன வாரியாக உச்ச வரம்பு இருக்கிறது. அங்கே நம் உறவினர்கள் சீனர், மலாய்க்காரர் நடுவே ஒரே மாடியில் வாழ்கிறார்கள். குறையும் உண்டு: வரம்பு நிரம்பிய கட்டடத்தில் சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்க ஆள் குறைவு, விலை குறைகிறது. அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. குறைந்தபட்சம் அரசு வாரியங்கள் கட்டும் அடுக்குமாடிகளில் ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்பதையும், வாடகை மறுப்பைத் தடுக்கும் ஒரு சட்டத்தையும் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் பேச வேண்டும். தேர்தல் நேரத்தில் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியல்களில் இந்த வரி இருப்பதில்லை.

கோடியக்கரைச் சகோதரருக்கு நாம் மூன்று தெருக்களைச் சொன்னோம். ஒன்று மண்ணடியில், இரண்டு புறநகரில், மின்சார ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில். புறநகர்த் தெரு ஒன்றில் முஸ்லிம் வீடுகள் ஏழெட்டுத்தான். பள்ளிவாசல் பதினைந்து நிமிட நடை. நல்ல பள்ளிகள் இரண்டு ஒரு கிலோமீட்டருக்குள். மனைவியோடு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார். முதல் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதும் மழுப்பினார். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, "ஊர் வேதாரண்யம் பக்கமா? உப்புக் காத்துல வளர்ந்த ஆளுங்க" என்று சிரித்துவிட்டுச் சாவியை எடுத்து வந்தாராம். கீழ்வீட்டுச் சுவரில் 2015 தண்ணீர்க் கோடு இல்லை என்பதை அவர் மனைவிதான் குனிந்து பார்த்தார். ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். பள்ளிச் சேர்க்கைக்கான விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று இப்போது நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.